தொப்பையின் சித்திர வரலாறு

மனிதன் முதன்முதலாக மனிதனை வரைந்தபோது வயிறு வைக்க மறந்துவிட்டான். தலைக்கு ஒரு பொட்டு, உடம்புக்கு ஒரு கோடு, கைகாலுக்கு நாலு கோடு, தீர்ந்தது வேலை. பழனி மலைக்கு மேற்கே மறையூர்ப் பக்கம் எழுத்துக் குகை, அட்டளை என்று பாறை ஒதுக்குகள் இருக்கின்றன. நீலகிரியில் கரிக்கியூர், விழுப்புரம் பக்கம் கீழ்வாலை, ஆலம்பாடி என்று தமிழ்நாடு பூராவும் இந்தக் கோட்டு மனிதர்கள் காவிச் சிவப்பிலும் வெள்ளையிலும் பாறையில் ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருஷ மழையும் வெயிலும் அவர்களை அழிக்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவருக்கு அடிக்கிற சாயம் அடுத்த டெண்டர் வரைகூடத் தாங்குவதில்லை.

இதே ஓவியன் மானை வரையும்போது மட்டும் கை வேறு மாதிரி வேலை செய்கிறது. கொம்பு, கழுத்தின் வளைவு, பருத்த தொடை எல்லாம் கச்சிதம். ஆலம்பாடியில் விலங்கின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைக்கூட வெளியே தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். எக்ஸ்ரே பாணி என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். எக்ஸ்ரேயும் இல்லை, ஒன்றும் இல்லை. அறுத்துப் பங்கு போடுகிறவனுக்கு உள்ளே இருப்பது தெரியாதா? மான் என்பது சாப்பாடு. சாப்பாட்டை யாரும் அலட்சியமாக வரையமாட்டார்கள். மனிதன் சாப்பிடுகிற ஆள், அவ்வளவுதான். அவனுக்குக் கோடு போதும். கீழ்வாலையில் சில ஆட்களுக்கு முகத்துக்குப் பதில் பறவை அலகு மாதிரி ஒன்றை இழுத்துவிட்டிருக்கிறார்கள். முகமே வேண்டாமாம்.

மனித உடம்பு காலத்துக்குக் காலம் ஏன் வேறு வேறாக வரையப்பட்டது என்று கேட்டால் கலை வரலாற்று நூல்கள் அழகியல், தத்துவம், சமூகப் பின்னணி என்று மூன்று அத்தியாயம் சொல்லும். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று: கூலி கொடுத்தவர் யார்? பாறை ஓவியனுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. கூலி வர ஆரம்பித்த அன்றைக்கே சித்திரத்தில் சதையும் வர ஆரம்பித்துவிட்டது.

அதற்கு முன்னால் கொடைக்கானல் மலைமேல் ஒரு சின்ன வேடிக்கை. தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கம் பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடி போட்ட கல்திட்டைகள் நிற்கின்றன. செண்பகனூர் இயேசு சபைப் பாதிரியார் ஆங்கிலாட் இவற்றை அளந்து எழுதிய புத்தகத்தை 1928-ல் தொல்லியல் துறை வெளியிட்டது. அவர் செடிகொடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளியவர். மனிதர்களைவிடப் பூக்களோடு அவருக்கு நல்ல சிநேகம். கல்திட்டை என்பது செத்தவர்களுக்குக் கட்டியது. ஊர்க்காரர்கள் அதன் உயரத்தைப் பார்த்தார்கள், இதற்குள் மூன்றடி ஆள்தான் இருக்க முடியும் என்று கணக்குப் போட்டார்கள், ‘குள்ளர் வீடு’ என்று பெயர் வைத்தார்கள். வரையாமலேயே ஒரு மனித வடிவம் தயார். இந்தக் கணக்குப்படி நம் மாநகரத்து ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டுகளை வருங்காலத்தில் தோண்டுகிறவர்கள் நம்மைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்களோ!

சரி, கூலிக்கு வருவோம். பழனிக்கு மேற்கே ஐவர்மலை இருக்கிறது. பாறை நெற்றியில் சமணத் தீர்த்தங்கரர்கள் பதினாறு உருவங்களாக வரிசையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு சக வருஷம் 792, வரகுண பாண்டியனுக்கு எட்டாம் ஆட்சியாண்டு என்கிறது, அதாவது கி.பி. 870. அவன் 862-ல் பட்டத்துக்கு வந்தான் என்று பாண்டியர் வரலாற்றுக்கே தேதி குறித்துக் கொடுத்தது இந்தக் கல்தான். சாந்திவீரக் குரவர் என்ற சமணப் பெரியவர் பழைய படிமங்களைப் புதுப்பித்து, சாமிக்கு அமுதுக்கும் ஓர் அடிகளின் சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்ததாக அதில் எழுதியிருக்கிறது. ஆக, சோறு வந்துவிட்டது.

சோறு வந்தும் அந்தத் தீர்த்தங்கரர்கள் உடம்பில் அது காணவில்லை. உடை கிடையாது, கோபதாபம் கிடையாது, எலும்பும் தெரியாது, தொப்பையும் தெரியாது. உடம்பு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களின் உடம்பைச் செதுக்கச் சொன்னால் சிற்பி வேறு என்ன செய்வான்? இதற்கு நடுவில் ஊர் ஜனங்கள் பதினாறு பேரை ஐந்தாகக் குறைத்து, பஞ்ச பாண்டவர் தங்கின மலை, அதனால்தான் ஐவர்மலை என்று கதையை முடித்துவிட்டார்கள். சமணம் என்ற பேச்சே எடுபடவில்லை.

இந்த வரகுணனின் அப்பா ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன். அவர் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் சித்தன்னவாசல் குடைவரைக் கோயிலைப் புதுப்பித்தார். அப்பா காலத்துச் சமணமும் மகன் காலத்துச் சமணமும் ஒன்றேதான். ஆனால் சித்தன்னவாசல் தூணில் இரண்டு நாட்டியக்காரிகள்! துறவிகள் கல்படுக்கையில் கிடந்து உடம்பை வாட்டிய அதே குன்றில், இடுப்பை வளைத்துக் கையை வீசி ஆடுகிறார்கள். தேவலோகப் பெண்கள் என்று விளக்கம் சொல்வார்கள். சொல்லட்டும். தேவலோகம் என்ற ஒரு சொல் இல்லாவிட்டால் இந்திய ஓவியர்களில் பாதிப் பேருக்கு வேலையே கிடைத்திருக்காது.

அந்தப் பெண்களுக்கு இடை இருக்கிறதா இல்லையா என்பது தனி வழக்கு. இதில் ஓவியனைக் குறை சொல்லிப் பயனில்லை, புலவர்கள்தான் முதல் குற்றவாளி. மின்னல் என்றார்கள், உடுக்கை என்றார்கள், நூல் என்றார்கள், கடைசியில் இல்லவே இல்லை என்றார்கள். இல்லாத ஒன்றை வரைந்து காட்டு என்று ஒருவனை நிறுத்தினால் அவன் மேலே ஒரு பெண்ணையும் கீழே ஒரு பெண்ணையும் வரைந்து, நடுவில் ஒட்டியாணத்தைப் போட்டுச் சமாளிக்கிறான்.

ஆனால் அதே சித்தன்னவாசலில் அண்ணாந்து விதானத்தைப் பார்த்தால் வேறு கதை. தாமரைக் குளம். மீன், வாத்து, எருமை, யானை எல்லாம் குழம்பிக் கிடக்க, மூன்று ஆண்கள் குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். ஒருவர் கையில் பூக்கூடை தொங்குகிறது. இன்னொருவர் தாமரையைத் தண்டோடு தோளில் சாய்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீருக்குள் நிற்கிறவனுக்கு உடம்பு எப்படிக் கொஞ்சம் தளர்ந்து நிற்குமோ அப்படி நிற்கிறார்கள். விரல்களில் அவசரம் இல்லை. அரையில் துணி, முகத்தில் ஒரு சந்தோஷம். தமிழ்நாட்டு ஓவியத்தில் வேலை செய்யும்போது சிரித்த முகமாக இருக்கிற ஆண்கள் இவர்கள் மட்டுமே என்று நினைக்கிறேன். வயிறும் இருக்கிறது, அளவாக. அந்த 9-ஆம் நூற்றாண்டு ஓவியன் யாரோ, அவனுக்கு நேரத்துக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

சோழர்களைப் பற்றி நாம் ஏற்கெனவே அதிகமாகப் பேசிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் அவர்கள் வரைந்த ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தில் சாந்து பூசி வேறு ஓவியம் வரைந்தார்கள். பழைய கட்சிச் சின்னத்தின் மேல் சுண்ணாம்படித்துப் புதுக் கட்சிச் சின்னம் எழுதுகிற நம் தேர்தல் வழக்கத்துக்கு முன்னோடி. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே போய், உதிர்ந்த சாந்துக்குப் பின்னால் இன்னொரு உலகம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு நாட்டியக்காரி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடுப்பைத் திருகி நிற்கிறாள். இவளை வரைந்தவன் எந்தப் புலவனையும் படிக்கவில்லை, ஆடுகிற ஒரு மனுஷியைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறான். ராஜராஜன் என்று பலரும் அடையாளம் சொல்கிறவர், தாடி வைத்த குருவுக்குப் பின்னால் அடக்கமாக நிற்கிறார். இலங்கை வரை படை அனுப்பிய ராஜா தன் சொந்தச் செலவில் கட்டிய கோயிலில் இரண்டாவது ஆளாக நிற்கிறார். இன்றைய ஒன்றியச் செயலாளர் எவரும் இதற்குச் சம்மதிக்கமாட்டார்.

நாயக்கர் காலத்துக்கு வந்தால் எல்லாரும் திடீரென்று பக்கவாட்டில் திரும்பிவிடுகிறார்கள். ஒரே ஒரு கண், அது வெளியே தெறித்து நிற்கும். கூரான மூக்கு. கதை துணுக்குத் துணுக்காகப் பட்டை பட்டையாக ஓடும், கீழே விளக்க வரி இருக்கும். தமிழில் படக்கதை அச்சேறுவதற்குப் பல காலம் முன்பே அது சுவரேறிவிட்டது. முக்கியமான முன்னேற்றம், தொப்பை தைரியமாக வெளியே வந்ததுதான். மெல்லிய துணி அங்கி, தலையில் நீளக் குல்லாய், இரண்டுக்கும் நடுவில் ஐயாவின் செல்வச் செழிப்பு. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பஞ்சம் வந்து போகிற நாட்டில் தொப்பை என்பது வங்கிக் கணக்கு மாதிரி, நாலு பேருக்குத் தெரிந்தால்தான் மதிப்பு.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் சேதுபதி மன்னர் சுவருக்குச் சுவர் இருக்கிறார். சண்டை போடுகிறார், பூசை செய்கிறார், பெண்களோடு சல்லாபமாக இருக்கிறார், தஞ்சை மராட்டியரை ஒரு கை பார்க்கிறார். வெள்ளைக்காரர்களுக்குப் பேட்டியும் கொடுக்கிறார். அவர்களை எப்படி வரைவது என்பதில் ஓவியனுக்குக் குழப்பமே இல்லை: தொப்பி வைத்தால் வெள்ளைக்காரன்.

இதற்கு வெள்ளைக்காரன் பழி தீர்த்துக்கொண்டான். கம்பெனிக்காரர்கள் தஞ்சாவூர் ஓவியர்களைப் பிடித்துக் காகிதத்தில் நம்மை ஜோடி ஜோடியாக வரையச் சொன்னார்கள். தட்டார் ஒருவர், அவர் பெண்டாட்டி. குயவர் ஒருவர், அவர் பெண்டாட்டி. பாம்பாட்டி, அவர் பெண்டாட்டி. கணவன் கையில் தொழில் கருவி, மனைவி கையில் பானையோ குழந்தையோ. முகம் எல்லாருக்கும் ஒன்றுதான், கருவியை மாற்றினால் சாதி மாறிவிடும். சீமைக்கு ஞாபகார்த்தமாக எடுத்துப் போக வசதி. அதே தஞ்சாவூரில் அதே காலத்து ஓவியர்கள் பலாப்பலகையில் சுக்கான் மேடு கட்டி, தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்து, கையில் வெண்ணெய் உருண்டையோடு கொழுகொழு கண்ணனை உட்கார வைத்தார்கள். அந்த வயிற்றைப் பாருங்கள்! பாறை ஓவியன் வைக்க மறந்ததையெல்லாம் வட்டியும் முதலுமாகச் சேர்த்து வைத்த வயிறு அது.

கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் கதை இன்னும் ருசிகரம். 1821-ல் லெப்டினன்ட் வார்டு மலையை அளக்க ஏறினார். 1845-ல் அமெரிக்க மிஷன்காரர்கள் வீடு கட்டினார்கள். 1863-ல் வெரி லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். அப்புறம் வந்தவர்களெல்லாம் ஏரியையும் மூடுபனியையும் வரைந்தார்கள், படம் பிடித்தார்கள். காட்சியில் மலை முக்கால் பாகம், வானம் கால் பாகம், மனிதன் ஈ அளவு. அந்த ஈயும் மலை எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்குத்தான். லா கணவாய்ச் சாலை வருவதற்கு முன்னால், அம்மையநாயக்கனூர் ரயிலடியிலிருந்து வண்டியில் வந்து, கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் இறங்கி, அங்கிருந்து துரைசாணிமார் நாற்காலியில் உட்கார, கூலியாட்கள் தோளில் சுமந்து மேலே ஏற்றினார்கள். அந்தத் தோளையும் கெண்டைக்காலையும் வரைந்திருந்தால் மைக்கேல் ஆஞ்சலோ இத்தாலியிலிருந்து வந்து கும்பிட்டிருப்பான். வரைகிற கை நாற்காலிமேல் அல்லவா உட்கார்ந்திருந்தது!

அந்த இத்தாலிக்காரன் பேச்சு எடுத்ததால் ரவிவர்மாவைச் சொல்ல வேண்டும். 1848-ல் கிளிமானூரில் பிறந்த அவர் எண்ணெய் வண்ணத்தைப் பாதி பார்த்தும் பாதி திருடியும் கற்றுக்கொண்டார் என்றே எல்லாரும் கதை சொல்கிறார்கள். அதுவரை நம் ஓவியத்தில் யாருக்கும் நிழல் விழுந்தது அபூர்வம். ரவிவர்மா நிழலைக் கொண்டுவந்தார், கூடவே எடையையும் கொண்டுவந்தார். அவருடைய சகுந்தலையோ தமயந்தியோ உட்கார்ந்தால் பாறைக்கு வலிக்கும். வயிறு விவகாரத்தை அவர் ஒன்பது கஜத்தைச் சுற்றி நாகரிகமாக முடித்துவிட்டார். 1894-ல் அச்சகம் வைத்து, சாமிகளை வீடு வீடாக அனுப்பினார். அன்றிலிருந்து லட்சுமி என்றால் எல்லாருக்கும் ஒரே முகம்.

அந்த அச்சுச் சாமி தெற்கே வந்து சேர்ந்த இடம் கோவில்பட்டி. கொண்டைய ராஜு 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். கோவில்பட்டியில் நிலைத்து, சிஷ்யர்களைச் சேர்த்துக்கொண்டு சிவகாசி காலண்டர்களுக்குச் சாமி வரைந்தார். இந்த மரபுக்கு வந்த பெரிய சோதனைதான் பழனியாண்டி.

யோசித்துப் பாருங்கள். பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, கட்டின கோமணத்தோடு மலையேறிய பிள்ளை. மெலிந்திருக்க வேண்டுமா, இல்லையா? மூலவரைப் பார்த்து வரையலாம் என்றால் அது போகர் நவபாஷாணத்தில் செய்தது என்பார்கள், கிட்டே போய்ப் பார்க்கவும் முடியாது. தவிர கோயிலில் ஒரு நாளைக்குள்ளேயே காலையில் சந்நியாசி, சற்று நேரத்தில் வேடன், உச்சிக்காலத்தில் வைதீகர், சாயரட்சைக்கு ராஜா. எந்த உடம்பை வரைவது? காலண்டர் ஓவியன் புத்திசாலி, எல்லாவற்றையும் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டான். பால் மணம் மாறாத முகம், பதினாறு வயசுத் தோள், ஆண்டியின் கோமணம், ராஜாவின் நகை. கன்னத்தில் ரோஜா. உதட்டில் சிவப்பு. மூன்று வேளையும் நெய் ஊற்றிச் சாப்பிட்ட பளபளப்பு. சூரனைச் சம்ஹாரம் செய்த கையில் ஒரு நரம்பு தெரியாது. மளிகைக் கடை முதலாளி தன் பெயரைக் கீழே அச்சடித்து வருஷம் பூராவும் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் தொங்கவிடப் போகிற காலண்டர் அது. எலும்பும் தோலுமாகச் சாமி நின்றால் அரிசி விற்குமா?

இத்தனைக்கும் ராஜு ரமணாசிரமத்தில் கோமணமும் கைத்தடியுமாக ஓர் அசல் ஆண்டியைத் தினம் நேரில் பார்த்தவர். அந்த உடம்பு காலண்டருக்கு வரவில்லை. தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து காவடியோடு நடந்து வருகிறவர்களின் பாதமும் வரவில்லை. குதிகாலில் வெடிப்பு, பெருவிரல் நகம் கறுத்து, கொப்புளத்தின் மேல் மஞ்சள் பற்று, அதற்கு மேல் தார்ச்சாலையின் கறுப்பு. அப்படி ஒரு ஜோடிப் பாதத்தை அடிவாரத்தில் நின்று ஐந்து நிமிஷம் பார்த்தால் நாலு நூற்றாண்டு ஓவியத்தில் விட்டுப்போனது என்னவென்று தெரியும்.

தமிழனின் நிஜமான தொப்பைக்கு மரியாதை கொடுத்தவர்கள் பத்திரிகை ஓவியர்கள். ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்தவை இன்னும் தேவலோகப் பரம்பரைதான், குந்தவைக்கும் நந்தினிக்கும் இடுப்பு விஷயத்தில் சித்தன்னவாசல் சட்டமே செல்லுபடி. கோபுலு வந்தார். சாய்வு நாற்காலி மாமா, பனியனுக்குக் கீழே எட்டிப் பார்க்கும் வயிறு, நழுவப் பார்க்கும் வேட்டி என்று நம் வீட்டு உடம்பு அப்படியே தாளில் இறங்கியது. கூலி கொடுத்தவர் இப்போது வாசகர் அல்லவா? அவருக்குத் தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்திருந்தது. ராஜாக்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஓவியர் ஆதிமூலம். காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 வாக்கில், காந்தியைக் கோட்டோவியமாக வரைந்துகொண்டே இருந்தார். 1921 செப்டம்பரில் மதுரையில் வைத்துத்தான் காந்தி சட்டையைக் கழற்றி அரைத்துணிக்கு மாறினார். அதனால் அவரும் நம் வட்டாரத்து ஆண்டிதான். ஆதிமூலத்தின் பேனாவில் அந்த உடம்பு நாலைந்து வீச்சில் நடந்து போகிறது. காலண்டரில் கிடைக்காத நரம்பும் எலும்பும் இங்கே கிடைத்துவிட்டன. நகையும் ரோஜாக் கன்னமும் இல்லாமலேயே ஆள் யாரென்று தெருக்கோடியிலிருந்து தெரிகிறது.

இன்றைக்குக் கொடைக்கானலில் பாறை ஓவிய மரபு அமோகமாக வாழ்கிறது. குணா குகைப் பக்கம் கண்ணில் படுகிற பாறையெல்லாம் இதயமும் அம்பும், ‘ரமேஷ்’ கூட்டல் குறி ‘சுதா’. உடம்பே இல்லை, ஓர் உறுப்பு மட்டும். அதுவும் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத வடிவம். மறையூர்க்காரன் பார்த்தால் கேட்பான்: ஆள் எங்கேடா?

கோக்கர்ஸ் வாக்கில் மட்டும் கூலி வாங்காத ஓர் ஓவியன் இருக்கிறான். முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த வெயிலும் முன்னால் பள்ளத்தாக்கில் மேகமும் அமைந்தால், நம் நிழல் அந்த மேகத்தில் பூதாகாரமாக நீண்டு விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம்! ஜெர்மனியில் பிராக்கன் என்ற மலையில் தென்பட்டதால் பிராக்கன் பூதம் என்கிறார்கள். காலண்டர் சாமிக்கு மட்டும் உண்டான ஒளிவட்டம், டிக்கெட் வாங்கின யாருக்கும் கிடைக்கும். ஒரே சிக்கல், மேகத் துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் அவரவர் வட்டம் அவரவர் கண்ணுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவர் நிழலுக்கு வட்டம் கிடையாது. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். “பாருங்க, என் தலையைச் சுத்தி!” என்பாள் அவள். “உனக்கு எங்கே? எனக்குத்தான் இருக்கு” என்பான் அவன். “கண்ணு தெரியலையா உங்களுக்கு?” “உனக்குத்தான் தெரியல.” வார்த்தை முற்றுவதற்குள் சாட்சிக்கு என்று அவன் கைபேசியை எட்ட நீட்டிப் படம் எடுப்பான். இருவரும் தலையை ஒட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பார்கள். அதில் வட்டம் கைபேசியின் நிழலைச் சுற்றி இருக்கும்.